மங்கா ஏன் விற்கிறது, சூப்பர் ஹீரோ காமிக்ஸ் ஏன் தேங்குகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்வெல், டிசி படம் ஒன்று வெளியானால் ஊரெல்லாம் அதே பேச்சு. அந்தப் படங்களுக்கு மூலமான காமிக்ஸ் இதழ்களையோ அமெரிக்காவிலேயே பல பிள்ளைகள் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அதே பிள்ளைகளின் பையில் மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ் இருக்கிறது. ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தப் பக்கம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சூப்பர் ஹீரோக்கள் மேல் யாருக்கும் சலிப்பு வந்துவிடவில்லை. அவர்களை விற்ற விதம்தான் வாசகர்களை விரட்டியது.

அமெரிக்க காமிக்ஸ் செத்துக்கொண்டிருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. 2021-ல் வட அமெரிக்காவில் காமிக்ஸும் புத்தக வடிவில் வரும் கிராஃபிக் நாவலும் சேர்ந்து 200 கோடி டாலரைத் தாண்டின. அதற்கு முன்பு ஒருபோதும் அந்த அளவை எட்டியதில்லை. இளைத்துப்போனது ஒரே ஒரு வகைதான்: 20 பக்கம், பின் அடித்த மெல்லிய மாத இதழில் வரும் சூப்பர் ஹீரோ கதை.

அமெரிக்கர்களே எழுதும் மற்ற காமிக்ஸ் சக்கைபோடு போடுகிறது. டேவ் பில்கியின் 'டாக் மேன்' வரிசையில் 2020-ல் வந்த ஒரு புத்தகத்துக்கு முதல் அச்சே 50 லட்சம் பிரதி. தன் பல் உடைந்த கதையை 2010-ல் வரைந்து வெளியிட்ட ரேய்னா டெல்கமையரின் புத்தகங்களைப் பள்ளிப் பெண்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆகவே 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை' என்ற சமாதானம் எடுபடாது. படிக்கிறார்கள், பேட்மேன் மாத இதழை மட்டும் படிப்பதில்லை.

மங்கா வந்ததால்தான் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் விழுந்ததா?

வரிசை தலைகீழ். முதலில் அது விழுந்தது, பிறகுதான் மங்கா வந்து காலியான இடத்தில் உட்கார்ந்தது.

1990களின் தொடக்கத்தில் பழைய காமிக்ஸ் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும் செய்தி பரவியதும், இதழை வாங்கிப் பிரிக்காமல் உறையில் போட்டு வைத்தால் பிற்காலத்தில் பணம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. பதிப்பகங்களும் தூபம் போட்டன. 1991-ல் மார்வெல் 'எக்ஸ்-மென்' முதல் இதழை ஐந்து வெவ்வேறு அட்டைகளில் வெளியிட்டது. நான்கு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பெரிய படமாகும், ஐந்தாவது மடிப்புப் பிரித்தால் முழுப்படம். ஏறத்தாழ 80 லட்சம் பிரதி போனது, கின்னஸ் சாதனை. ஆனால் அது கடைக்காரர்கள் வாங்கிய கணக்கு. படித்தவர்கள் அத்தனை பேர் இல்லை, ஒரே ஆள் ஐந்தையும் வாங்கி அடுக்கினார்.

அடுத்த ஆண்டு நவம்பரில் டிசி சூப்பர்மேனைக் கொன்றது. இதழைக் கறுப்பு பாலிதீன் உறையில் போட்டு, உள்ளே துக்கம் அனுசரிக்கக் கையில் கட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டையும் வைத்தார்கள். டிவி செய்தியில் எல்லாம் வந்தது, காமிக்ஸே படிக்காதவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று வாங்கினார்கள். 1993-லேயே சூப்பர்மேன் எழுந்து வந்துவிட்டார். லட்சக்கணக்கில் அச்சான சரக்கு எப்படி அரிதாகும் என்று அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. விற்காத கட்டுகளோடு பல ஆயிரம் கடைகள் மூடின. 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு போட்டது.

அன்று ஓடிப்போனவர்கள் முதலீட்டாளர்கள் மட்டும் இல்லை. பெட்டி பெட்டியாக வாங்கி ஏமாந்த பையன்களும் சேர்ந்துதான் போனார்கள், அவர்களுக்கு அடுத்த தலைமுறை கடைப்பக்கம் வரவே இல்லை.

பிள்ளைகள் ஏன் வரவில்லை? கடைகள் இருந்தனவே?

நான் இந்த ஒன்றைத்தான் முதல் காரணமாக வைப்பேன். 1938-ல் சூப்பர்மேன் அறிமுகமானபோது 10 சென்ட் கொடுத்தால் 64 பக்கம் கிடைத்தது. பத்திரிகைக் கடை, மருந்துக் கடை, பேருந்து நிலையம் என்று எங்கும் ஸ்டாண்டில் தொங்கும். அம்மா சாமான் வாங்கும் நேரத்தில் பிள்ளை ஒன்றை எடுத்து நீட்டும். விற்காததைக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடலாம்.

1970களில் அந்த வியாபாரம் நொண்டத் தொடங்கியது. மலிவான பொருள் என்பதால் கடைக்காரருக்கு லாபம் சொற்பம், கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவோர் ஏராளம். அப்போது புரூக்ளின் பள்ளி ஆசிரியரும் காமிக்ஸ் மாநாடுகள் நடத்தியவருமான ஃபில் சூலிங் பதிப்பகங்களிடம் ஒரு யோசனை சொன்னார்: எனக்குக் கூடுதல் தள்ளுபடி கொடுங்கள், ஒரு பிரதிகூடத் திருப்பித் தரமாட்டேன். பதிப்பகங்களுக்குத் தேன் குடித்த மாதிரி. காமிக்ஸ் மட்டுமே விற்கும் தனிக்கடைகள் இப்படித்தான் பெருகின.

அன்றைக்கு அது தொழிலைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் விற்காவிட்டால் நஷ்டம் தன் தலையில் என்றால், கடைக்காரர் நிச்சயம் விற்கும் பேட்மேனைத்தானே எடுப்பார்? புதியவருக்காகப் புதிய கதையை ஏன் எடுக்கவேண்டும்? மூன்று மாதம் முன்பே இத்தனை பிரதி என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும். மெல்ல மெல்ல அந்தக் கடைகள் ஏற்கெனவே படிப்பவர்களுக்கான சங்கம் ஆகிவிட்டன. வாடிக்கையாளர் வயது ஏறிக்கொண்டே போனது. சின்ன ஊரில் இருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கடையே கிடையாது.

1994 கடைசியில் மார்வெல் தனக்கென்று ஒரு விநியோக நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. போட்டி விநியோகஸ்தர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள், மார்வெலின் முயற்சியும் ஊற்றிக்கொண்டது, கடைசியில் டயமண்ட் என்ற ஒரே நிறுவனம் மிஞ்சியது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு மொத்தத் தொழிலும் அந்த ஒற்றைக் குழாய் வழியாகவே ஓடியது. அந்த டயமண்ட் 2025 ஜனவரியில் திவால்.

மங்கா இந்தக் கடைகளை நம்பவே இல்லை. டோக்கியோபாப் என்ற நிறுவனம் 2002-ல் சின்ன அளவு, 9.99 டாலர், ஜப்பானில் போலவே வலமிருந்து இடம் என்று ஒரே அச்சில் வார்த்துப் பெரிய புத்தகக் கடைகளுக்குள் கொண்டுபோனது. புத்தகக் கடை விற்காததைத் திருப்பி அனுப்பலாம், ஆகவே துணிந்து அடுக்கினார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் அந்த வரிசைகளுக்கு நடுவே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்தார்கள். கடைக்காரர்களுக்கு எரிச்சல்தான், ஆனால் போகும்போது ஒன்றை வாங்கிப் போனார்களே.

ஸ்பைடர்மேன் படிக்க ஆசை. முதல் இதழ் எது?

எந்த முதல் இதழ்? 'அமேசிங் ஸ்பைடர்மேன்' எண் 1 என்று அட்டையில் போட்டு 1963-ல் ஒன்று வந்தது. பிறகு 1999, 2014, 2015, 2018, 2022, 2025 ஆண்டுகளிலும் வந்தது. நடுவில் 2003-ல், பழைய எண்ணிக்கையோடு கூட்டினால் 500 வருகிறதே என்று கணக்கைப் பழையபடி மாற்றிக்கொண்டார்கள். எண் 1 என்றால் அந்த மாதம் விற்பனை ஏறும், அடுத்த மாதமே இறங்கும். இறங்கினால் இன்னொரு எண் 1.

இது ஒரு தொடரின் கணக்குத்தான். இதன் பக்கத்திலேயே வேறு ஸ்பைடர்மேன் தொடர்கள் ஓடும். வருடம் ஒருமுறை எல்லா வீரர்களும் மோதும் பெருங்கதை வரும், அதில் பாதியைப் படிக்க நீங்கள் வாங்காத மூன்று தொடர்களை வாங்கவேண்டும். டிசியும் சளைத்ததில்லை. 1985-86ல் தன் உலகங்கள் எல்லாவற்றையும் அழித்து ஒன்றாக்கியது, 2011 செப்டம்பரில் 52 தொடர்களையும் எண் 1-லிருந்து ஆரம்பித்தது, 2016-ல் மறுபடி பழையதைக் கொஞ்சம் ஒட்டவைத்தது. எது நடந்த கதை, எது நடக்காத கதை என்று தீவிர ரசிகர்களே அடித்துக்கொள்கிறார்கள்.

மங்கா அலமாரிக்குப் போங்கள். முதுகில் 1, 2, 3 என்று எண். ஒன்றை எடு, படி, இரண்டை எடு. தப்பித்தவறி நம் வழக்கப்படி முதல் பக்கத்தைத் திறந்தாலும், 'நில், நீ கடைசிப் பக்கத்தில் இருக்கிறாய், புத்தகத்தைத் திருப்பு' என்று படம் போட்டு அறிவிப்பு வைத்திருப்பார்கள். வேறு மொழி, வேறு நாடு, படிக்கும் திசையே வேறு. அப்படியும் உள்ளே நுழைய அதுதான் சுலபமாக இருக்கிறது என்றால் சொந்த ஊர்க்காரர்கள் வாசலை எவ்வளவு குழப்பி வைத்திருக்கவேண்டும்!

கதையில் என்ன வித்தியாசம்? இரண்டிலும் சண்டைதானே?

சண்டைதான். ஆனால் மங்காவில் சண்டைக்குப் பிறகு ஏதாவது மாறுகிறது.

1999-ல் தொடங்கிய 'நருடோ'வைப் பாருங்கள். ஊரே ஒதுக்கிவைத்த 12 வயது வால் பையன். ஊர்த்தலைவன் ஆகவேண்டும் என்பது அவன் ஆசை. 15 வருடம், 72 தொகுதி. வளர்கிறான், குருவை இழக்கிறான், நண்பனோடு முட்டிமோதுகிறான், கல்யாணம், பிள்ளைகள், கடைசியில் ஊர்த்தலைவனும் ஆகிவிடுகிறான். 2014-ல் கதை முடிகிறது. கூடவே வளர்ந்த வாசகருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஸ்பைடர்மேனாக மாறும் பீட்டர் பார்க்கர் 1962-ல் பள்ளி மாணவன். வாசகர்களோடு சேர்ந்து அவரும் கொஞ்சகாலம் வளர்ந்தார், கல்லூரி போனார், 1987-ல் மேரி ஜேனைக் கல்யாணமும் செய்துகொண்டார். இருபது வருடம் கழித்து, கல்யாணமான ஸ்பைடர்மேன் வயதானவராகத் தெரிகிறார் என்று பதிப்பகம் நினைத்தது. 2007-ல் ஒரு கதை வந்தது. குண்டு பாய்ந்து கிடக்கும் மே அத்தையின் உயிருக்கு ஈடாக மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் பீட்டர் தன் கல்யாணத்தைக் கொடுத்துவிடுகிறார். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று உலகத்தின் நினைவே மாறிவிடுகிறது. இருபது வருடம் காசு கொடுத்துப் படித்தவனுக்கு எப்படி இருக்கும்? ரசிகர்கள் இன்றுவரை அந்தக் கதையை மன்னிக்கவில்லை, எனக்கும் அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

இது எழுதியவரின் தவறு மட்டும் இல்லை. பொம்மை, சட்டை, படம் என்று எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும் முகம் அது. அதற்கு வயதாகக் கூடாது, சாகக் கூடாது, கதை முடியவும் கூடாது. நம் மெகா சீரியல்களில் செத்த பாத்திரம் ஆறு மாதத்தில் திரும்பி வருவது போலத்தான். முதல் தடவை பதறுவோம், மூன்றாவது தடவை சேனலை மாற்றிவிடுவோம்.

மங்கா எல்லாம் சரியான நேரத்தில் முடிந்துவிடுகிறதா என்ன?

அதுவும் இல்லை. 'ஒன் பீஸ்' 1997 ஜூலையில் தொடங்கி 110 தொகுதிகளைத் தாண்டியும் ஓடுகிறது. நன்றாக விற்கும் கதையை இழு இழு என்று இழுத்த பதிப்பாசிரியர்கள் ஜப்பானிலும் உண்டு. ஆனால் 'ஒன் பீஸ்' ஒரே ஆள், எய்ச்சிரோ ஓடா, ஒரே கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பது. கதையில் எல்லோரும் தேடும் புதையல் என்ன என்று என்றாவது ஒருநாள் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் படிக்கிறார்கள். உலகம் முழுக்க 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சாகியிருக்கிறது.

இன்னொரு பக்கம் 'டீமன் ஸ்லேயர்'. கோயோஹாரு கோடோகே அதை 2016-ல் தொடங்கி 2020 மே மாதம் 23 தொகுதிகளில் முடித்துவிட்டார். அதன் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர் வந்து புத்தகம் கடைகளில் கிடைக்காமல் தவித்த நேரம் அது, உச்சத்தில் இருக்கும்போதே முடித்தார். எந்த அமெரிக்கப் பதிப்பகமாவது பேட்மேனை அப்படி முடிக்கவிடுமா?

விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறதா?

மாத இதழ் 4 முதல் 5 டாலர், கதை 20 பக்கத்தைச் சுற்றி. மங்கா தொகுதி 10 முதல் 12 டாலர், கதை 180, 190 பக்கம். முன்னது வழவழ தாளில் முழுக் கலர், பின்னது மட்டமான தாளில் கறுப்பு வெள்ளை என்பதும் உண்மைதான். ஆனால் பதினைந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும் ஒன்றுக்கு 5 டாலர் கொடுக்க பாக்கெட் மணி வாங்கும் பிள்ளையால் முடியாது.

எழுதியவருக்கு என்ன கிடைக்கிறது? அதற்கும் கதையின் தரத்துக்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பல வழக்குகள், வறுமை. 1975-ல் பெரிய சூப்பர்மேன் படம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தபோது ஓவியர் நீல் ஆடம்ஸ் போன்றவர்கள் ஊரறியச் சண்டை போட்டுத்தான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியம் வாங்கிக் கொடுத்தார்கள். பேட்மேனின் உருவம், உலகம் இரண்டிலும் பெரும் பங்குள்ள பில் ஃபிங்கர் 1974-ல் இறந்தார். படைப்பாளர் வரிசையில் அவர் பெயர் முறைப்படி ஏறியது 2015-ல். மார்வெல் உலகத்தில் பாதியை வரைந்த ஜாக் கிர்பி, தன் ஓவியத் தாள்களைத் திரும்பப் பெறவே வருடக்கணக்கில் போராடினார்.

கம்பெனிக்கு வேலை செய்தால் படைப்பும் கம்பெனிக்கு. இதைப் பார்த்த எந்த எழுத்தாளரும் தன் தலைசிறந்த கற்பனையை அங்கே கொண்டுபோய்க் கொட்டமாட்டார். 1992-ல் மார்வெலின் நட்சத்திர ஓவியர்கள் ஏழு பேர் வெளியேறி இமேஜ் காமிக்ஸ் தொடங்கியதற்கும் இதுதான் காரணம்.

ஜப்பானில் பதிப்புரிமை பொதுவாக மங்கா ஓவியரிடமே இருக்கும், தொகுதி விற்றால் ராயல்டி வரும், அனிமே வந்தால் அதிலும் பங்கு. அவர் நிறுத்தினால் கதை நிற்கும். கதைக்கு ஓர் ஆள் பொறுப்பு என்பது வாசகருக்கும் தெரிகிறது.

'ஷோனென் ஜம்ப்' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

ஷுஏஷா பதிப்பகம் 1968-ல் தொடங்கிய வாராந்தரி. தொலைபேசி டைரக்டரி அளவுக்குத் தடிமன், மறுசுழற்சித் தாள், இருபதுக்கும் மேற்பட்ட தொடர்கள், ஒவ்வொன்றும் வாரம் 19 பக்கம் அளவில். ரயிலில் படித்துவிட்டுப் போட்டுவிட்டுப் போகலாம், அவ்வளவு மலிவு. 'டிராகன் பால்' ஓடிய காலத்தில், 1994 கடைசியில் வந்த இதழ் 65.3 லட்சம் பிரதி அச்சானது.

உள்ளே ஒரு தபால் அட்டை இருக்கும். இந்த வாரம் பிடித்த மூன்று கதைகளை எழுதி அனுப்பவேண்டும். பதிப்பாசிரியர்கள் அதை எண்ணுகிறார்கள். தொடர்ந்து அடியில் கிடக்கும் கதையை இருபது வாரத்துக்குள்கூட ஊற்றி மூடிவிடுவார்கள், பெயர் பெற்றவர் என்ற தயவு தாட்சண்யம் கிடையாது. ஈவிரக்கமில்லாத முறைதான். ஆனால் வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு புதுக்கதைகள் மேடை ஏறி, ஒன்றிரண்டு பிழைத்து, அவைதான் தொகுதியாகி அமெரிக்கா வரை வருகின்றன. நம் கைக்கு வருவது வடிகட்டி எடுத்த சரக்கு என்பதையும் மறக்கக் கூடாது, அங்கே குப்பையும் மலைமலையாக அச்சாகிறது.

மங்கா என்றாலே சண்டை என்று நினைப்பதும் தவறு. கூடைப்பந்து, கைப்பந்து, சமையல், கோ என்னும் பலகை விளையாட்டு எல்லாவற்றிலும் பெரும் வெற்றிகள் இருக்கின்றன. பையன்களுக்கு, பெண்களுக்கு, வளர்ந்த ஆண்களுக்கு, வளர்ந்த பெண்களுக்கு என்று தனித்தனி இதழ்களே நடத்துகிறார்கள்.

பெண் வாசகர்கள் அமெரிக்க காமிக்ஸில் எப்போதுமே இல்லையா?

ஒரு காலத்தில் இருந்தார்கள். 1947-ல் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் தொடங்கிய காதல் காமிக்ஸ் பெரிதாக விற்று, பின்னாலேயே டஜன் கணக்கில் வந்தன. 1954-ல் செனட் விசாரணைக்குப் பயந்து தொழில்துறையே கொண்டுவந்த தணிக்கை விதிகள் குற்றக்கதை, திகில்கதையை ஒழித்தன, காதல் கதையையும் சப்பென்று ஆக்கின. 1970களோடு அது தீர்ந்தது. மிஞ்சியது சூப்பர் ஹீரோ, மிஞ்சிய கடைகள் ஆண்கள் கூடும் இடம். டோக்கியோபாப் 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' போன்ற பெண்களுக்கான கதைகளைப் புத்தகக் கடையில் வைத்தபோது போட்டிக்கு அங்கே ஒருவரும் இல்லை.

மார்வெல் படங்கள் இவ்வளவு ஓடியும் காமிக்ஸ் விற்பனை ஏன் கூடவில்லை?

2019-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 279 கோடி டாலர் வசூலித்தது. படம் பார்த்துவிட்டு வெளியே வருபவர் அடுத்து எந்த இதழை வாங்கவேண்டும்? பதில் இல்லை. படத்தில் இருக்கும் அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் வேறு, அந்த மாதக் காமிக்ஸில் இருப்பவர் வேறு.

அனிமே அப்படியே மங்காவைப் படமாக்குகிறது. ஒரு சீசன் முடிந்ததும், இது எட்டாவது தொகுதி வரை, மிச்சத்தை ஒன்பதிலிருந்து படி என்று நண்பனே சொல்லிவிடுவான். அனிமே புத்தகத்துக்கு விளம்பரமாகவே ஓடுகிறது. கொரோனா முடக்கத்தில் வீட்டில் அடைந்து அனிமே பார்த்தவர்கள் அத்தனை பேரும் புத்தகத்துக்கு வந்தார்கள், 2021-ல் அமெரிக்காவில் மங்கா விற்பனை ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அச்சடிக்கத் தாள் போதவில்லை.

காமிக்ஸில் அரசியல் புகுந்ததால்தான் வாசகர் போனார்கள் என்கிறார்களே?

1993-ல் கவிழ்ந்த வண்டிக்கு 2015-ல் வந்த பாத்திரத்தைக் குற்றம் சொல்வது இது. அப்புறம், வேறுபட்டுப் பிறந்தவர்களை உலகம் வெறுக்கும் கதையான எக்ஸ்-மென்னில் எந்தக் காலத்தில் அரசியல் இல்லை?

மார்வெலும் டிசியும் மங்காவைக் கவனிக்கவே இல்லையா?

கவனித்தார்கள். இன்னும் சொன்னால், 'அகிரா' என்ற புகழ்பெற்ற மங்காவை 1988-லிருந்து கலர் போட்டு அமெரிக்காவில் வெளியிட்டதே மார்வெல்தான். கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை. டிசி 2004-ல் சிஎம்எக்ஸ் என்று மங்காவுக்கு ஒரு பிரிவு தொடங்கி 2010-ல் மூடியது. பெண் பிள்ளைகளுக்காக மிங்க்ஸ் என்று 2007-ல் ஒன்று தொடங்கி அடுத்த வருடமே கைவிட்டது. மார்வெல் தன் வீரர்களுக்குப் பெரிய கண் வரைந்து பார்த்தது. கண்ணில் இல்லை விஷயம்.

டிசிக்கு 2024-ல்தான் விஷயம் பிடிபட்ட மாதிரி தெரிகிறது. 'வாட்ச்மென்', பேட்மேனின் 'கோர்ட் ஆஃப் அவுல்ஸ்' போன்ற முழுக்கதைகளைக் கைக்கு அடக்கமான அளவில் 9.99 டாலருக்குப் போட்டார்கள். டோக்கியோபாப் 22 வருடம் முன்பு வைத்த அதே விலை.

ஜப்பானியருக்குச் சூப்பர் ஹீரோவே பிடிக்காதோ?

பிடிக்கும். அமெரிக்க காமிக்ஸ் ரசிகரான கோஹெய் ஹொரிகோஷி 2014-ல் தொடங்கி 2024-ல் முடித்த 'மை ஹீரோ அகடமியா' முழுக்க முழுக்க சூப்பர் ஹீரோ கதை. சக்தியே இல்லாமல் பிறந்த ஒரு பையன், ஏறக்குறைய எல்லோருக்கும் சக்தி உள்ள உலகத்தில் ஹீரோ பள்ளியில் சேர்கிறான். அமெரிக்கப் பிள்ளைகள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள். சூப்பர் ஹீரோ அலுத்துவிட்டது என்பவர்களிடம் நான் முதலில் நீட்டுவது இதைத்தான்.

மங்கா பக்கம் குறையே கிடையாதா?

குறையா? மனிதர்களை அரைத்துத்தான் அந்த ஆலை ஓடுகிறது. வாரம் 19 பக்கம் என்றால் தூக்கம் என்பது சலுகை. உதவியாளர்களின் சம்பளத்தைப் பெரும்பாலும் ஓவியரே கொடுக்கவேண்டும், கதை நின்றால் வருமானம் நிற்கும். 'ஹண்டர் ஹண்டர்' வரையும் யோஷிஹிரோ டொகாஷி முதுகுவலியால் நாற்காலியில் உட்காரமுடியாமல் வருடக்கணக்கில் இடைவெளி விடுகிறார். 'பெர்செர்க்' வரைந்த கென்டாரோ மியூரா 2021 மே மாதம் 54 வயதில் இதயப் பெருநாடி கிழிந்து இறந்துபோனார். கதை முடியவில்லை, அவர் நண்பரும் உதவியாளர்களும் தொடர்கிறார்கள்.

வியாபாரமும் எப்போதும் ஏறுமுகம் இல்லை. 2007-க்குப் பிறகு அமெரிக்காவில் மங்கா சில வருடம் சரிந்தது. 2011-ல் பார்டர்ஸ் புத்தகக் கடைகள் மொத்தமாக மூட, டோக்கியோபாப்பும் அமெரிக்க வெளியீட்டை நிறுத்தியது. 2022 உச்சத்துக்குப் பிறகும் கொஞ்சம் இறங்கியது. ஜப்பானில் ஜம்ப் வாராந்தரி இன்று அந்த 65 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட அச்சாவதில்லை. ஆனால் வாசகர்கள் எங்கும் போகவில்லை, போனுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே மங்கா சந்தையில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் டிஜிட்டல். 2019 ஜனவரியில் வந்த மங்கா பிளஸ் செயலியில், ஜப்பானில் வெளியாகும் அன்றே ஆங்கிலத்திலும் புது அத்தியாயம் இலவசம். திருட்டுப் பதிப்பு படிக்கும் பழக்கத்தை அதைவிடச் சரியாக யாரும் எதிர்கொள்ளவில்லை. அமெரிக்காவில் நன்றாக ஓடிய காமிக்ஸாலஜி செயலியை அமேசான் 2014-ல் வாங்கியது, 2022-ல் கிண்டிலுக்குள் கரைத்தது, படிப்பவர்கள் இன்னும் சபிக்கிறார்கள்.

நான் முத்து, லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். எனக்கு எது ஒத்துவரும்?

மங்காதான் என்பேன். நம் இரும்புக்கை மாயாவி அமெரிக்கர் இல்லை, 1962-ல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வாரஇதழில் இரண்டு மூன்று பக்கத் தொடராக வந்தவர். பல தொடர்கள் கலந்த வாராந்தரி, பிறகு ஒரே கதை ஒரே புத்தகம். ஜம்ப் வைத்திருப்பதும் அதே ஏற்பாடு. இத்தாலியிலிருந்து வந்த கௌபாய் டெக்ஸ் வில்லரை எந்தப் புத்தகத்தில் எடுத்தாலும் கதை புரிகிறது, முடிகிறது. போன மாதம் என்ன நடந்தது என்று கேட்டு ஓடவேண்டியதில்லை. இப்போது அனிமேயும் தமிழில் பேசுகிறது. 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' 2025 செப்டம்பரில் இங்கே தியேட்டர்களில் தமிழிலும் வந்தது. புத்தகத்தைத்தான் இன்னும் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் படிக்கவேண்டியிருக்கிறது.

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படிக்கவே கூடாதா? எதை வாங்கலாம்?

தாராளமாகப் படிக்கலாம், முடிந்த கதையாகப் பார்த்து வாங்குங்கள். 'ஆல் ஸ்டார் சூப்பர்மேன்' 12 இதழ், ஒரே புத்தகம். சாகப்போகிறோம் என்று தெரிந்த சூப்பர்மேன் மிச்ச நாளில் என்ன செய்கிறார் என்பதுதான் கதை. அதற்கடுத்து 'இன்வின்சிபிள்'. ராபர்ட் கிர்க்மேன் 2003-ல் தொடங்கி 2018-ல் 144-வது இதழில் முடித்தார், மூன்று தடித்த தொகுதிகள். உரிமை, கதையைப் படைத்தவர்களிடமே இருக்கிறது, நாயகன் வளர்கிறான், அடிபட்டால் தழும்பு நிற்கிறது, செத்தவர் பெரும்பாலும் செத்தவர்தான். 2021-ல் அனிமேஷன் தொடர் வந்ததும், பார்த்தவர்கள் முதல் தொகுதியைத் தேடிப் போய் வாங்கினார்கள்.

மாத இதழ்கள் இனி மீளுமா?

2024-ல் ஒரு அசைவு தெரிந்தது. மார்வெல் புதிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' தொடங்கியது. வேறு உலகம், பழைய சுமை இல்லை, பீட்டருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், நடுவயதில்தான் சக்தி வருகிறது. அக்டோபரில் டிசியின் 'அப்சல்யூட் பேட்மேன்': பணக்காரர் இல்லாத, கூலி வேலைக்காரர் உடம்போடு ஒரு புரூஸ் வெய்ன். இரண்டும் மறு அச்சுக்கு மேல் மறு அச்சு. எண் 1 என்றால் நிஜமாகவே எண் 1 என்று கொடுத்தால் வாங்க ஆள் இருக்கிறார்கள் என்பது தெரிந்துபோனது. அந்த அல்டிமேட் வரிசையை 2026-ல் முடித்துக்கொள்வதாக மார்வெல் அறிவித்தது. அதை அலமாரியில் 1, 2, 3 என்று எண் போட்ட புத்தகங்களாக நிறுத்திவைத்தால் நல்லது. இன்னொரு எண் 1-க்கு இடம் பண்ணத்தான் முடிக்கிறார்கள் என்றால், இந்தப் பக்கத்தை நான் அடிக்கடி திருத்தவேண்டியிருக்காது.